யார் எடுத்த லைன்

போன மாதம் உங்கள் மின்வாரியப் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரை மணி நேரம் கொடுத்தார்கள், நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவன் கையில் மைக் கிடைத்தால் அப்படித்தான் ஆகும். பேசி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண். "சாரே, நீங்க பேசினதுல லைன் லைன்னு ஒரு அம்பது தடவை வந்துது. ஒவ்வொரு தடவையும் வேற வேற அர்த்தமாக்கும். இதுல எது முக்கியம்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதில் சொல்வதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்களில் நாலு பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அந்த நாலு பேரும் படித்துச் சொல்லுங்கள். மலையாளத்தில் மனு எழுதுவேன், ஆங்கிலத்தில் ஃபாரம் நிரப்புவேன், ஆனால் செய்த தப்பை ஒப்புக்கொள்ள எனக்குத் தமிழ்தான் வரும். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தது, என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளான ஒருத்தியால்.

முதலில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நான் பிறந்ததே லைனில்தான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு லைன் என்றுதான் பெயர், லயம் என்றும் சொல்வோம். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். பள்ளிக்கூடத்தில் லைனில் நின்றோம், ரேஷன் கடையில் லைனில் நின்றோம். ஒரு பையன் ஒரு பெண்ணை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால் அவள் அவனுடைய லைன் ஆகிவிடுவாள், அதில் தமிழன் மலையாளி வித்தியாசம் கிடையாது. ஃபோன் எடுத்தால் லைனில் இருக்கச் சொல்வார்கள். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் வெளியே வந்து, "அம்மைக்கு லைன் போட்டாச்சு" என்றாள். ட்ரிப் ஏற்றுகிற ஊசியைச் சொல்லியிருக்கிறாள். அன்று காலைதான் கரண்ட் போஸ்டிலிருந்து இறங்கி வந்திருந்த எனக்கு ஒரு நொடி நெஞ்சு நின்றுபோனது.

நம் வேலையில் சேர்ந்த பிறகு அந்தச் சொல் இன்னும் பெருத்துவிட்டது. இரண்டு போஸ்டுக்கு நடுவே தொங்குகிற கம்பி லைன். அதில் ஓடுவதும் லைன்தான், அதனால்தான் ஊர்க்காரர்கள் "லைன் போச்சு, லைன் வந்தாச்சு" என்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டு, இந்த லைனில் வேலை செய்யப் போகிறேன் என்று அனுமதி கேட்பீர்கள். அங்கே இருக்கிற ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உங்கள் பெயரை எழுதி, ஒரு நம்பர் கொடுப்பார். இதற்கு லைன் எடுப்பது என்று பேர். வேலை முடிந்து, ஆளும் சாமானும் இறங்கிய பிறகு அதே நம்பரைச் சொல்லி லைனைத் திருப்பிக் கொடுப்பீர்கள். அதற்குப் பிறகுதான் மின்சாரம் வரும். அந்த நேரம் முழுக்க லைன் உங்கள் கையில் இருக்கிறது. நான் சொல்லப் போவது இந்தக் கடைசி லைனைப் பற்றி.

அதற்கு முன்னால் வலியசாலை மாமியைச் சொல்லிவிடுகிறேன். நான் லைன்மேனாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். வலியசாலைத் தெருவில் ஒரு மாமி கல்யாணங்களுக்குப் பலகாரம், இட்லி எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் கேபிள் எங்கேயோ பழுதாகித் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. மாமி வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டாப்பா, லைன் எப்போ வரும்?" என்று கேட்டார். பழுது எங்கே என்றே எங்களுக்கு அப்போது தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். புதுச் சட்டை, புது வேலை. "அரை மணி நேரத்துல வந்துரும் மாமி" என்றேன். மின்சாரம் வந்தபோது மணி மூன்று.

மறுநாள் மாமி ஆபீசுக்கே வந்துவிட்டார். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ அரை மணின்னு சொன்னதை நம்பிண்டு உக்காந்துண்டிருந்தேன். ஊறப்போட்ட அரிசி அப்படியே பாழாப் போச்சு. தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஆட்டோல வச்சுக் கரமனைக்குக் கொண்டுபோய் அரைச்சுண்டு வந்திருப்பேனே. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு நோக்கு என்னடா நஷ்டம்?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் நேரம் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாடத்தை ஊர்க்காரர்களிடம் பேசுவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். நமக்குள்ளே பேசுவதற்கும் அதுதான் என்று புரிய இருபத்து நாலு வருஷம் ஆயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பு. அப்போது நான் ஓவர்சியர், மலையடிவாரத்தில் ஒரு செக்‌ஷனில் வேலை. எனக்குக் கீழே லைன்மேனாக இருந்தவன் செல்லத்துரை. நாங்கள் இரண்டு பேரும் போனக்காட்டில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையாகவும் ஆகிவிட்டான். கம்பத்தில் ஏறினால் அவன் ஏறுவதைப் பார்க்க நாலு பேர் நிற்பார்கள், அவ்வளவு சுத்தமான கை. அவனை வேலைக்கு அனுப்பிவிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதுவே பிறகு ஆபத்தாகப் போயிற்று.

ஐப்பசி மாதம். காலையிலேயே இடியும் காற்றுமாக அடித்து, ஒரே லைனில் இரண்டு இடத்தில் மரம் விழுந்துவிட்டது. கீழே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரப்பர் மரம், மேலே மலையில் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிளை. நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். கீழே நான் என் பெயரில் லைன் எடுத்தேன். செல்லத்துரை மேலே போகிற வழியில், ஃபோனுக்கு ரேஞ்ச் கிடைக்கிற கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி, அவன் பெயரில் தனியாக எடுத்தான். அந்த வளைவைத் தாண்டினால் ஃபோன் வெறும் கடிகாரம்தான். இரண்டு பேரும் திருப்பிக் கொடுத்தால்தான் மின்சாரம் வரும்.

மூன்று மணிக்கு என் பக்கத்து வேலை முடியப் போகிற நேரத்தில் ஃபோன் வர ஆரம்பித்தது. ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நுரையீரல் கெட்டுப்போன பெரியவர் ஒருவர் இருந்தார். மெஷின் மூலமாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போனதிலிருந்து அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரில் ஓடுகிறது. அவருடைய மருமகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டாள். "சாரே, முள்ளு சிவப்புக்கு வந்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் ஓடுமா தெரியல" என்றாள். பின்னால் பெரியவர் மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என் அப்பா அப்படி இழுத்துத்தான் போனார், எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது.

சரியாக அந்த நேரத்துக்கு மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தது. மேலே ரேஞ்ச் இல்லாததால் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்ல வேண்டியதை பஸ்ஸில் சொல்லி அனுப்புவோம். கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார். "ஓவர்சியரே, வேலை தீர்ந்துன்னு செல்லத்துரை சொல்லச் சொன்னான். எல்லாரும் லயத்துப் பக்கம் நின்னு சாயா குடிக்கானுவ. கயிறெல்லாம் சுத்தி வச்சாச்சு, நான் கண்டேன்."

கண்டக்டர் பொய் சொல்கிறவர் இல்லை, செல்லத்துரை அவசரப்படுகிறவன் இல்லை. அவன் ரேஞ்ச் கிடைக்கிற வளைவுக்கு வந்து கூப்பிடுவதற்குள் அரை மணி போய்விடும். எனக்காக அவன், அவனுக்காக நான் என்று ஒருவர் லைனை ஒருவர் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குள் இல்லாத பழக்கமும் இல்லை. அதை ஒத்தாசை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டேன். அன்று டியூட்டியில் இருந்த ஆபரேட்டர் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எதுக்கு சாரே இதெல்லாம் என்று கோபித்துக்கொள்வாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெண், வீட்டில் தமிழ், படித்தது மலையாளத்தில்.

"மோளே, என் லைனைத் திருப்பித் தர்றேன். ஆள், சாமான் எல்லாம் மாத்தியாச்சு" என்றேன். பெயர் கேட்டாள், நம்பர் கேட்டாள், எழுதிக்கொண்டு திருப்பிப் படித்தாள்.

"சரி. மேலே செல்லத்துரை லைனையும் திருப்பி எழுதிக்கோ. அங்கயும் வேலை முடிஞ்சுது. சார்ஜ் பண்ணு, கரண்ட் விடு."

"செல்லத்துரை சேட்டன் பக்கத்துல உண்டா சாரே? ஃபோனை அவருகிட்ட ஒண்ணு கொடுங்க."

"அவன் மேலே இருக்கான். ரேஞ்ச் இல்ல. முடிஞ்சுதுன்னு பஸ்ல சொல்லி விட்டிருக்கான்."

அந்தப் பக்கம் ரிஜிஸ்டர் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அது அவரு எடுத்த லைனாக்கும் சாரே. அவரு சொல்லாம திருப்பி எழுத மாட்டேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் கோபத்தைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள், சொன்னது எல்லாம் உண்மைதான். "நான் ஓவர்சியர் சொல்றேன். அவன் என் கீழ வேலை செய்யுறவன், என் தங்கச்சி புருஷன். எனக்கில்லாத அக்கறை உனக்கா? நான் போஸ்ட்ல ஏறத் தொடங்கினப்போ நீ பிறந்திருக்க மாட்டே" என்று ஜங்ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

"அது சரியாக்கும் சாரே" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஆனா லைன் இப்போ உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. அவரு கையிலயாக்கும்."

"இங்க ஒரு பெரியவர் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்கார். சிலிண்டர் தீரப் போகுது. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு அப்போது புரியவில்லை. "அந்த வீட்டு ஃபோன் நம்பரைத் தாங்க சாரே" என்றாள். நான் சொல்வது பொய்யா என்று விசாரிக்கப் போகிறாள் போல என்று நினைத்து, நம்பரை வீசி எறிகிற மாதிரிச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

அடுத்து எங்கள் செக்‌ஷன் இன்ஜினியரைக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். அவர் நல்ல மனிதர், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அவளிடம் பேசிவிட்டு ஐந்து நிமிஷத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "நான் எழுதித் தந்தாலும் ஏத்துக்க மாட்டாளாம், ஓவர்சியரே. நானும் ரெண்டு வார்த்தை கடுப்பமாச் சொல்லிப் பார்த்தேன். அவ சொல்றதுதானே ரூல், நான் என்ன செய்ய?" என்றார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. நானே மலைக்குப் போய் செல்லத்துரையை இழுத்துக்கொண்டு வளைவுக்கு வந்து பேச வைக்க வேண்டும். ஜீப்பை எடுக்கச் சொன்னேன். ஜங்ஷனைத் தாண்டும்போது ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைக் கடந்து அந்தப் பெரியவர் வீட்டுச் சந்துக்குள் திரும்பியது. போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். மலை ஏறுகிற வழி முழுக்க அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் மேலதிகாரிக்கு எழுதிப் போட வேண்டிய புகார்க் கடிதத்தை மனசுக்குள் இரண்டு தடவை எழுதி முடித்துவிட்டேன்.

லயத்துக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. சாயா கிளாஸ்கள் படியில் காலியாக இருந்தன. கயிறு சுற்றி வைத்திருந்தது. கண்டக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் ஆட்கள் அங்கே இல்லை. லயத்து வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "உங்க மாப்பிள்ளையையா தேடுறீங்க? அந்தா, அந்த ரெண்டாவது போஸ்ட்டு. கரண்ட் போறவரைக்கும் அதுல பொறி பறந்துட்டே இருந்துச்சுன்னு சொன்னோம், ஏறிட்டாரு" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். செல்லத்துரை போஸ்ட் உச்சியில் பெல்ட்டில் சாய்ந்து, ஒரு கையால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பீங்கான் இன்சுலேட்டரை முடுக்கிக்கொண்டிருந்தான். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. வேலை நடக்கிற இடத்தில் கம்பியிலிருந்து மண்ணுக்கு ஒரு சங்கிலி மாட்டி வைப்போம், தப்பித் தவறி மின்சாரம் வந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். அந்தச் சங்கிலியைக் கழற்றி, கயிறோடு சேர்த்துச் சுற்றி, சாயா கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நான் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் பதறிவிடுவானோ என்று பயம். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் கேட்டதை அந்தப் பெண் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை, உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை முகம்தான் கண் முன்னால் வந்தது.

அவன் என்னைப் பார்த்துவிட்டு மேலேயிருந்தே கேட்டான். "என்ன மச்சான், நீங்களே வந்துட்டீங்க? பஸ்ல சொல்லி விட்டேனே, கிடைக்கலையா?"

"கிடைச்சுது" என்றேன். "முடிச்சிட்டு இறங்கு."

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பஸ் கீழே போய்ச் சேரவே அரை மணி ஆகும், இது அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு ஏறினேன். ஏறித் தொட்டதும் இன்சுலேட்டர் கையோட வந்துட்டு. அதான் இவ்வளவு நேரம்." அவனை வளைவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவனே கூப்பிட்டான். பெயர் கேட்டாள், நம்பர் கேட்டாள், ஆளும் சாமானும் மாறியாச்சா என்று கேட்டாள், எழுதிக்கொண்டு திருப்பிப் படித்தாள். வைப்பதற்கு முன்னால், "ஓவர்சியர் சார் பக்கத்துல இருந்தா சொல்லுங்க. அந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ்ல சிலிண்டர் கொண்டு கொடுத்தாச்சு. அப்பச்சன் நல்லா இருக்காரு" என்றாளாம்.

நான் கத்திவிட்டு வைத்த அடுத்த நிமிஷமே அவள் அந்த வீட்டைக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டிருக்கிறாள். பிறகு சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டு சிலிண்டர் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறாள். அதற்கு நடுவில்தான் இன்ஜினியர் கூப்பிட்டிருக்கிறார், அவருக்கும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பெரியவருக்கு வேண்டியிருந்தது ஆக்சிஜன். அதை மின்சாரம் என்றே நான் இரண்டு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு பெண் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு இதையும் அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷ வேலையில் நான் பெரிய பெரிய ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். இவளைப் போல நிதானம் உள்ளவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரலே அதிகம்.

மறுநாள் சாயங்காலம் சப்ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் டியூட்டி முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலேஜுக்குப் போகிற பெண் மாதிரி இருந்தாள். மேஜையில் ரிஜிஸ்டர் விரித்திருந்தது, என் கண் தானாக அதில் போயிற்று. நான் கத்தியது, மிரட்டியது எதுவும் அதில் இல்லை. இரண்டாவது லைனுக்கு நேரே, நான் கூப்பிட்ட நேரத்தைப் போட்டு, 'எடுத்தவர் தெரிவிக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"மன்னிச்சுக்கோ மோளே" என்றேன். மேலே நான் பார்த்ததையும் சொன்னேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் போஸ்டில் இருந்தது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அவன் மறுபடி ஏறியிருப்பான்னு உனக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன்.

"தோணல சாரே" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இங்க இருந்து எதையும் காண முடியாதுல்லா. தெரியாததுனாலதான் கொடுக்கல."

வலியசாலை மாமி கேட்ட கேள்விக்கு இருபத்து நாலு வருஷம் கழித்து யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு உறுதியாக நிற்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எத்தனையோ தடவை அவளிடம் லைன் எடுத்திருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். என் குரல் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன்.

செல்லத்துரையிடம் உடனே சொல்லவில்லை. சொல்ல வெட்கம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அடுக்களையில் இருந்தாள். முன்னறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் போஸ்டில் இருக்கும்போதே அவன் லைனைத் திருப்பிக் கொடுக்க நான் சண்டை போட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் எனக்கும் மனம் ஆறும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மச்சான், கழக்கூட்டத்துல வேலை செஞ்சப்போ ஒரு நாள் உங்க லைனை நான் திருப்பிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?" என்றான்.

நன்றாக ஞாபகம் இருந்தது. ஐ.டி. பார்க்குக்குப் பக்கத்தில், ஹைவே ஓரத்தில், ஹாஸ்டல்கள் வரிசையாக இருக்கிற இடம். சாயங்காலம் வேலை முடித்து இறங்கினேன். கட்டிங் பிளேயரை மேலேயே மாட்டி வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி ஏறி எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரோட்டில் கால் வைத்ததும் ஹாஸ்டல் முழுக்க லைட் எரிந்தது, பையன்கள் ஜன்னலில் நின்று ஓவென்று கூச்சல் போட்டார்கள். நான்கூட அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன். இவன் எனக்கு வேலை வைக்காமல் அதற்குள் ஃபோன் பண்ணி முடித்துவிட்டானே என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

"நீங்க முதல் தடவை இறங்கினதும் நான் தள்ளிப் போய் ஃபோன் பண்ணினேன்" என்றான். "உங்க நம்பரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டுத் திரும்பிப் பார்க்கேன், நீங்க மறுபடி ஏறிட்டிருக்கீங்க. கத்தினேன். ஹைவே சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. சப்ஸ்டேஷனைத் திரும்பக் கூப்பிட்டேன், எங்கேஜ்டு. மறுபடி கூப்பிட்டேன், எங்கேஜ்டு. அங்க யாரோ கூப்பிட்டுக் கரண்ட் எப்போ வரும்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க போல. அந்த ஆள் ஃபோனை வச்சு, ஆபரேட்டர் கரண்ட் விடறதுக்குள்ள நீங்க இறங்கிட்டீங்க."

"இத்தனை வருஷமா ஏண்டா சொல்லல?"

"எப்படிச் சொல்ல மச்சான்? முதுகுல தட்டிக் கொடுத்தீங்களே."

அவன் கண் கலங்கியிருந்தது. கம்பியிலும் போஸ்டிலும் கெட்டிக்காரர்கள் என்று பேர் எடுத்த இரண்டு பேர், ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்த இரண்டு பேர், ஒத்தாசை செய்கிறோம் என்று ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்திருக்கிறோம். என்னைக் காப்பாற்றியது யாரென்றே தெரியாத, பொறுமையில்லாத ஒரு வீட்டுக்காரர். அவனைக் காப்பாற்றியது என்னிடம் திட்டு வாங்கிய ஒரு பெண்.

பாறசாலைப் பெண்ணே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். லைன் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். உன் பெயரில் எடுத்ததை நீயே திருப்பிக் கொடு. உன் அண்ணன் கேட்டாலும் கொடுக்காதே, ஓவர்சியர் கேட்டாலும் கொடுக்காதே. நாளைக்கு நீ சப்ஸ்டேஷனில் உட்காரும்போது என்னைப் போல ஒருவன் ஃபோனில் கத்துவான். கத்தட்டும், அவன் பெயரை மட்டும் கேள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் சண்டையா?" என்றாள்.

"இல்ல" என்றான் செல்லத்துரை. "லைன் விஷயம் பேசிக்கிட்டிருந்தோம்."

"ஞாயித்துக்கிழமையும் அதுதானா? எழுந்து வாங்க, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் அவளே பரிமாறினாள். நான் அன்று மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.